மூணு பேப்பர்ல ஒளிஞ்சிருக்கிற ஒரே விசை: வேதியியல் பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

இளநிலை வேதியியல் கடைசி வருஷப் பாடத்திட்டத்தை எழுதுற, திருத்துற, ஓகே பண்ணுற சார்களுக்கும் மேடம்களுக்கும் வணக்கம்.

நான் வாத்தியார் இல்லீங்க. வேதியியல் படிச்சு முடிச்சு பெயின்ட், கோட்டிங் சம்பந்தமான ஆராய்ச்சி லேப்ல ரொம்ப வருஷமா வேலை பாக்குறவன். புதுசா டிகிரி முடிச்சுட்டு வர்ற பசங்களை இன்டர்வியூ பண்ற வேலையும் அப்பப்போ என் தலையில விழும். அந்த அனுபவத்துலதான் இதை எழுதுறேன், மேதாவித்தனம் காட்ட இல்ல, தப்பா இருந்தா திட்டுங்க.

விஷயம் கடைசி வருஷத்துல வர்ற மூணு பேப்பர் பத்தி. மெட்டீரியல்ஸ் கெமிஸ்ட்ரி, கம்ப்யூட்டேஷனல் கெமிஸ்ட்ரி, அப்புறம் கொலாய்டும் (திரவத்துல தங்காம மிதக்கிற ரொம்பச் சின்ன துகள்கள்) பரப்பு வேதியியலும். பேர் இடத்துக்கு இடம் மாறும், சில இடத்துல மூணுல ஒண்ணை எடுத்துக்கோன்னு எலக்டிவா இருக்கும், சில இடத்துல கொலாய்டை மட்டும் பிசிக்கல் கெமிஸ்ட்ரி பேப்பரோட கடைசி யூனிட்ல சொருகி வச்சிருப்பாங்க, கடைசி யூனிட்னா என்ன கதின்னு உங்களுக்கே தெரியும், நேரம் இல்ல நீங்களே படிச்சுக்கோங்கன்னு முடிஞ்சிரும். நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். இந்த மூணும் தனித்தனி சப்ஜெக்ட் இல்ல. மூணுத்துக்கும் அடியில ஒரே விசை ஓடுது, சார்ஜ் இல்லாத அணுக்களும் ஒண்ணையொண்ணு இழுத்துக்கிற லண்டன் விசை, மூணு பேப்பர்லயும் அதுக்கு வேற வேற பேர் வச்சு நடத்துறோம், பையன் மூணையும் பாஸ் பண்ணிட்டு வெளிய வர்றான், ஆனா அது மூணும் ஒண்ணுன்னு அவனுக்கு யாரும் சொல்லவே இல்ல. எனக்கும் யாரும் சொல்லல.

என் கதையிலேருந்தே ஆரம்பிக்கிறேன். வேலைக்கு சேர்ந்த புதுசு. டைட்டானியம் டை ஆக்சைடு பொடியை தண்ணியில கலக்கி ஒரு டிஸ்பெர்ஷன், அதாவது பொடி தங்காம மிதக்கிற கலவை, பண்ணினேன், லேப்ல அருமையா வந்துச்சு, நாலு நாள் வச்சாலும் அடியில தங்கல, நானும் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன். அதே ஃபார்முலாவை பிளான்ட்ல போட்டா ஒரு மணி நேரத்துல தயிர் மாதிரி திரிஞ்சு போச்சு. பொடியை மாத்திப் பாத்தோம், மிக்ஸர் வேகத்தை மாத்திப் பாத்தோம், டிஸ்பெர்சன்ட் (பொடி ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம பிரிச்சு வைக்கிற பொருள்) கம்பெனிக்காரன் மேல பழி போட்டோம். கடைசியில என் சீனியர் அக்கா ஒருத்தங்க வந்து, லேப்ல என்ன தண்ணி ஊத்தினேன்னு கேட்டாங்க. டிஸ்டில்டு வாட்டர்க்கா. பிளான்ட்ல? குழாய்த் தண்ணி. அது ஹார்டு வாட்டர், கால்சியம் இருக்கும், ரெண்டு சார்ஜ் உள்ள அயனி, ஷுல்ட்ஸ்-ஹார்டி விதி நீ படிச்சதே இல்லியான்னு கேட்டாங்க.

படிச்சிருக்கேங்க. அதுதான் கொடுமை. ஷுல்ட்ஸ் 1882-ல கண்டுபிடிச்சார், ஹார்டி 1900-ல உறுதி பண்ணினார், எதிர் அயனியோட சார்ஜ் ஏற ஏற திரிய வைக்கிறதுக்கு வேண்டிய அளவு படுவேகமா குறையும்னு வரிக்கு வரி எழுதி மார்க் வாங்கினவன் நான். ஒண்ணு, ரெண்டு, மூணு சார்ஜுக்கு 1, 64-ல ஒண்ணு, 729-ல ஒண்ணுங்கிற விகிதம்கூட ஞாபகம் இருந்துச்சு. ஆனா என் கைக்கு முன்னாடி அது நடந்தப்போ அடையாளம் தெரியல. (அந்த ஆறாம் அடுக்கு கணக்கே துகளோட மேற்பரப்பு மின்னழுத்தம் ரொம்ப அதிகமா இருக்கிறப்போ வர்ற ஒரு எல்லை நிலைதான், மின்னழுத்தம் கம்மியா இருந்தா சார்ஜோட வர்க்கத்துக்குப் பக்கத்துல போயிடும்னு பல வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அதையும் யாரும் சொல்லல.)

நாம எதை மனப்பாடம் பண்ண வைக்கிறோம்னு பாருங்க. கோல்டு நம்பர். 10 மில்லி கோல்டு சோல்ல (தண்ணியில தங்கத் துகள் மிதக்கிற கலவை) 1 மில்லி 10 சதவீத உப்புக் கரைசலை ஊத்தினா திரியாம தடுக்கிறதுக்கு எத்தனை மில்லிகிராம் பாதுகாப்புக் கொலாய்டு வேணும், அந்த எண்ணிக்கைதான் கோல்டு நம்பர். இதை தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான் பையன். நான் இன்டர்வியூல அடுத்த கேள்வி கேப்பேன், கோல்டு சோல் என்ன கலர்? பத்துல எட்டு பேரு "கோல்டு கலர் சார்"ம்பாங்க. மாணிக்கச் சிவப்புங்க அது, உப்பு போட்டா நீலமாயிடும், அந்த கலர் மாற்றத்தை வச்சுத்தான் அந்த நம்பரையே அளக்கிறாங்க. கலரே தெரியாம நம்பரை மட்டும் படிச்சிருக்கான். பையன் மேல தப்பு இல்ல, கண்ணுல காட்டாம படிக்க வச்சது நாமதான்.

இப்போ ரெண்டாவது கதை, இது அதுக்கும் முன்னாடி நடந்தது, கடைசி வருஷ ப்ராஜெக்ட். கம்ப்யூட்டேஷன்னா கெத்துன்னு நெனச்சு அதை எடுத்தேன். கிராஃபீன் தகடு மேல பென்சீன் வளையம் நிறைய உள்ள ஒரு சாயப் பொருள் எப்படி ஒட்டுதுன்னு கணக்குப் போடணும். பி3எல்ஒய்பிங்கிற கணக்கு முறை, எலெக்ட்ரானை விவரிக்கிற கணிதச் சார்புகளோட தொகுப்பா ஒரு பேசிஸ் செட், மெனுவுல க்ளிக், ரன். மூலக்கூறு ஒட்டவே இல்ல. ஆற்றல் குறைவான அமைப்பைத் தேடுற ஆப்டிமைசேஷன் ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் தகட்டை விட்டு மெதுவா மேல மேல மேல நகர்ந்து போயிட்டே இருந்துச்சு, பலூன் மாதிரி. எங்க கைடு சார் ஆரம்ப இடத்தை மாத்திப் பாரும்பார், மாத்தினேன், திருப்பியும் பறந்துச்சு. மூணு வாரம். கடைசியில எப்படியோ குறைவா பறந்த ஒரு ஸ்ட்ரக்சரை எடுத்து படம் போட்டு ரிப்போர்ட் எழுதி வைவாவுல மென்னு முழுங்கி வெளிய வந்துட்டேன்.

என்ன தப்புன்னு இந்த மடலைப் படிக்கிற கம்ப்யூட்டேஷன்காரங்களுக்கு முதல் வரியிலேயே தெரிஞ்சிருக்கும். வெறும் பி3எல்ஒய்பி-ல டிஸ்பெர்ஷன் விசை (முன்னாடி சொன்ன கலவை டிஸ்பெர்ஷன் இல்ல, இது லண்டன் விசையோட இன்னொரு பேர்) கிடையாது. ரெண்டு பென்சீனை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினாக்கூட அது ஒட்டாதுன்னுதான் சொல்லும். அதுக்குத்தான் க்ரிம்ங்கிற விஞ்ஞானி குழுவோட டி3 மாதிரி திருத்தங்கள் வந்துச்சு, டி3 வந்தது 2010-ல, அணு ஜோடி ஒவ்வொண்ணுக்கும் தூரத்தோட ஆறாம் அடுக்குல குறையுற ஒரு கவர்ச்சியை மேல இருந்து சேக்குறது. இன்னிக்கு இன்புட்ல ஒரு வார்த்தை கூடுதலா எழுதினா போதும், மூலக்கூறு சமத்தா போய் தகட்டு மேல ஒட்டிக்கும்.

இது எனக்குப் புரிஞ்ச நாள்தான் இந்த மடலோட விதை. ஏன்னா அதே விசைதான் பிளான்ட்ல என் டைட்டானியம் டை ஆக்சைடைத் திரிய வச்சதும். லண்டன் விசை. லண்டன்னா ஊர் இல்ல, ஃப்ரிட்ஸ் லண்டன்னு ஒரு ஆளு, 1930-ல ரெண்டு நடுநிலை அணுவுக்கு நடுவுல ஏன் கவர்ச்சி வருதுன்னு குவான்டம் கணக்குப் போட்டுக் காட்டினவர். 1937-ல ஹமாக்கர் அந்த ஜோடி விசையை எடுத்து ஒரு துகள்ல உள்ள எல்லா அணுவுக்கும் இன்னொரு துகள்ல உள்ள எல்லா அணுவுக்கும் கூட்டினார். அந்தக் கூட்டல்ல நடக்கிற மேஜிக்கை ஒரு வகுப்பு முழுக்க உக்காந்து நடத்தலாம்ங்க. ரெண்டு ஆர்கான் அணு 1 நானோமீட்டர் தள்ளி இருந்தா அவுங்களுக்குள்ள உள்ள கவர்ச்சி, அறை வெப்பத்துல கேடின்னு சொல்ற வெப்ப ஆற்றல் அளவுல ஐந்நூறுல ஒரு பங்குகூட தேறாது, யாரும் சட்டை பண்ண வேண்டாம். ஆனா 100 நானோமீட்டர் ஆரம் உள்ள ரெண்டு பாலிஸ்டைரீன் உருண்டை தண்ணியில அதே 1 நானோமீட்டர் இடைவெளியில நின்னா கவர்ச்சி சுமார் 20 கேடி, ஒட்டினா திருப்பிப் பிரியாது. தூரத்தை இரட்டிச்சா அணு ஜோடிக்கு 64 மடங்கு குறையும், பக்கத்துல பக்கத்துல இருக்கிற உருண்டைகளுக்கு வெறும் பாதியாத்தான் குறையும். ஒரே விசை, கூட்டினதால குணமே மாறிடுது. இந்த ஒரு கணக்கை கரும்பலகையில போட்டிருந்தா எனக்கு மூணு வார ப்ராஜெக்டும் மிஞ்சியிருக்கும், பிளான்ட்ல ஒரு டேங்க் சரக்கும் மிஞ்சியிருக்கும்.

அந்த 20 கேடியை எதிர்த்து நிக்கிறதுதான் துகளைச் சுத்தி இருக்கிற மின் இரட்டை அடுக்கு, அதாவது துகளோட சார்ஜும் அதைச் சுத்தி மேகம் மாதிரி கூடுற எதிர் அயனிகளும். ஒற்றை சார்ஜ் உப்பு 1 மில்லிமோலார் இருந்தா அந்த மேகத்தோட தடிமன், அதான் டிபை நீளம், 25 டிகிரியில சுமார் 9.6 நானோமீட்டர். அதையே 100 மில்லிமோலார் ஆக்கினா 1 நானோமீட்டருக்கும் கீழ. மேகம் சுருங்குது, துகள் கிட்ட வருது, லண்டன் ஆள் ஜெயிச்சிடுறார். கவர்ச்சி, விலக்கம் ரெண்டையும் சேர்த்து எழுதினதுதான் டிஎல்விஓ கொள்கை, டெர்யாகினும் லாண்டாவும் 1941-ல, வெர்வேயும் ஓவர்பீக்கும் 1948-ல.

இதுல ஒரு கிளைக்கதை இருக்கு, சொல்லாம போக மனசு வரல. ஓவர்பீக் ஃபிலிப்ஸ் ஆராய்ச்சிக் கூடத்துல கொலாய்டு பண்ணிக்கிட்டிருந்தவர். தன்னோட சஸ்பென்ஷன் சோதனை முடிவெல்லாம் கொள்கையோட ஒத்துப் போகல, தூரம் அதிகமானா கவர்ச்சி லண்டன் சொன்னதை விட வேகமா குறையுதோன்னு சந்தேகம். அதே இடத்துல வேலை பாத்த காசிமிர்ங்கிற இயற்பியலாளர் கிட்ட கொண்டு போனார். காசிமிரும் போல்டரும் 1948-ல கணக்குப் போட்டு, ஒளி போய் வர்ற நேரத்தைக் கணக்குல எடுத்தா தூரத்துல அது ஆறாம் அடுக்கு இல்ல, ஏழாம் அடுக்குன்னு காட்டினாங்க. அதைப் பிடிச்சுக்கிட்டு போய்த்தான் வெற்றிடத்துல ரெண்டு உலோகத் தகடு ஒண்ணையொண்ணு இழுக்கும்ங்கிற காசிமிர் விளைவே வந்துச்சு. அதாவது கலங்கல் தண்ணி ஏன் தெளிய மாட்டேங்குதுன்னு ஒருத்தர் கேட்ட கேள்வி குவான்டம் வெற்றிடம் வரைக்கும் போயிருக்கு. இதைத்தான் நாம கடைசி யூனிட்ல போட்டு, நேரமில்லன்னு விடுறோம்.

மெட்டீரியல்ஸ் பேப்பருக்கு வாங்க. அங்க இந்த விசைக்குப் பேர் "அடுக்குகளுக்கு இடையிலான பலவீனமான வான்டர்வால்ஸ் பிணைப்பு". கிராஃபைட் அடுக்கு இடைவெளி 3.35 ஆங்ஸ்ட்ராம்னு ஒரு வரி, அதனாலதான் பென்சில் எழுதுதுன்னு ஒரு வரி, 2004-ல டேப் ஒட்டிப் பிரிச்சு கிராஃபீன் எடுத்தாங்க, 2010-ல நோபல்னு ஒரு வரி, அடுத்த டாபிக். ஆனா அந்த கிராஃபைட்டை கம்ப்யூட்டேஷன் வகுப்புக்கு எடுத்துட்டுப் போனீங்கன்னா, பிபிஇ மாதிரி சாதாரண ஃபங்ஷனல்ல (பி3எல்ஒய்பி மாதிரி இன்னொரு கணக்கு முறை) அடுக்குகள் கிட்டத்தட்ட ஒட்டவே ஒட்டாது, என் சாயப் பொருள் கதைதான். அதைவிடப் பழைய எல்டிஏ போட்டா இடைவெளி சொல்லி வச்ச மாதிரி 3.35-க்குப் பக்கத்துல வந்துடும், ஆனா சரியான விடை தப்பான காரணத்துக்கு வருது, எல்டிஏவுலயும் நிஜமான டிஸ்பெர்ஷன் கிடையாது. விடை சரியா வந்தா மட்டும் போதாதுன்னு சொல்லிக் குடுக்க இதை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல. அதே கிராஃபைட்டை கொலாய்டு வகுப்புக்கு எடுத்துட்டுப் போங்க, 2008-ல ஏத்த கரைப்பான்ல போட்டு அல்ட்ராசவுண்டு குடுத்து ஒற்றை அடுக்கு கிராஃபீனைத் தண்ணி மாதிரி பிரிச்செடுத்துக் காட்டினாங்க, பிரிஞ்ச தகடு திரும்ப ஒட்டாம வச்சுக்கிறது முழுக்க முழுக்க கொலாய்டு பிரச்சினை. ஒரே பொருள் மூணு வகுப்பு சுத்தி வந்துடுச்சு பாருங்க. குருடங்க யானையைத் தடவின கதையில தடவினவங்க வேற வேற ஆளுங்களா இருந்தாங்க, நம்ம பாடத்திட்டத்துல ஒரே பையனை மூணு தடவை கண்ணைக் கட்டித் தடவ விடுறோம்.

சரி, என்னதான் பண்ணச் சொல்ற, அப்படின்னு கேப்பீங்க.

முதல்ல கம்ப்யூட்டேஷன் லேப். தயவு செஞ்சு முதல் நாளே தண்ணி மூலக்கூறை ஆப்டிமைஸ் பண்ணி ஆங்கிள் 104.5 வந்துச்சான்னு பாக்குற பயிற்சியை வைக்காதீங்க, அதுல எதைப் போட்டாலும் ஏறக்குறைய சரியா வந்துடும், பையன் கம்ப்யூட்டர் சொன்னா சரின்னு நம்பிடுவான். அதுக்குப் பதிலா ரெண்டு ஆர்கான் அணுவைக் குடுங்க. 3 ஆங்ஸ்ட்ராம்லேருந்து 8 வரைக்கும் தள்ளித் தள்ளி ஆற்றலைக் கணக்குப் போடச் சொல்லுங்க. ஹார்ட்ரீ-ஃபாக்ங்கிற அடிப்படைக் கணக்கு முறையில போட்டா ஒட்டாது. பி3எல்ஒய்பி-ல போட்டாலும் ஒட்டாது. டி3 சேர்த்தா ஒட்டும். எம்பி2-ங்கிற அதைவிட நுணுக்கமான முறையில ஒட்டும். இன்னும் துல்லியமான சிசிஎஸ்டி(டி)-ங்கிற முறையைப் பெரிய பேசிஸ்ல போட்டா உண்மையான மதிப்புக்குப் பக்கத்துல வரும், உண்மையில இடைவெளி 3.76 ஆங்ஸ்ட்ராம், கவர்ச்சியோட ஆழம் சுமார் 143 கெல்வின், அதாவது மோலுக்கு 1.2 கிலோஜூல். இதுல குறும்பு என்னன்னா சின்ன பேசிஸ் போட்டா ஒண்ணு இன்னொண்ணோட பேசிஸைக் கடன் வாங்கிக்கிட்டு இல்லாத கவர்ச்சி இருக்கிற மாதிரி காட்டும், அதுக்கு பாய்ஸ்-பெர்னார்டி 1970-ல சொன்ன கவுன்டர்பாய்ஸ் திருத்தம் போடணும், போட்டதும் அந்தக் கவர்ச்சி காணாம போயிடும். ஒரு மதியத்துல ஒரு பையன் நாலு விதமா ஏமாந்து நாலு விதமா தெளிவான். எல்லாம் சாதாரண லேப்டாப்ல ஓடும், சை4, பைஎஸ்சிஎஃப்ங்கிற சாஃப்ட்வேர் எல்லாம் இலவசம், திறந்த மூலம். லைசென்ஸ் இல்லன்னு சாக்கு சொல்ல முடியாது.

அடுத்த வாரம் அதே ஆர்கானை வச்சே மாலிக்யூலர் டைனமிக்ஸ், அதாவது அணுக்கள் நகர்றதை கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாக்குறது. 1964-ல ரஹ்மான் 864 ஆர்கான் அணுவை வச்சு திரவத்தையே கம்ப்யூட்டர்ல ஓட்டினார், அன்னிக்கு இருந்த மெஷின்ல. இன்னிக்கு அது லேப்டாப்ல டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிடும். ரெண்டு அணுவோட ஆற்றல் தூரத்தோட எப்படி மாறுதுன்னு சொல்ற லெனார்டு-ஜோன்ஸ் சூத்திரத்துல அவர் போட்ட ஆழம் 120 கெல்வின், நாம போன வாரம் பாத்த ஜோடி ஆழம் 143. ஏன் வித்தியாசம்? இதைக் கேள்வியா வைங்க. திரவத்துல மூணாவது அணு பக்கத்துல இருக்கு, ரெண்டு பேர் பழக்கம் மூணாவது ஆள் வந்தா மாறுது, 120 அதையெல்லாம் உள்ள வச்சு மொத்தமா ஒப்பேத்தின எண். ஹமாக்கர் ஜோடி ஜோடியா கூட்டினது எவ்வளவு தூரம் சரிங்கிற கேள்வியும் இங்கேருந்தே கிளம்பும், ஜோடி ஜோடியா கூட்டாம மொத்தப் பொருளா பாக்குற லிஃப்ஷிட்ஸ் கொள்கைக்கு அதுதான் வாசல். நடத்த வேண்டாம், வாசலைக் காட்டினா போதும்.

ரெண்டாவது, மூணு பேப்பருக்கும் பொதுவா ஒரே ஒரு சாம்பிள். என் ஓட்டு கோல்டு சோலுக்குத்தான். ஃபாரடே 1857-ல பண்ணினது, அவர் பண்ணின சிவப்பு சோல்ல கொஞ்சம் ராயல் இன்ஸ்டிடியூஷன்ல இன்னும் வச்சிருக்காங்க. நாம டர்கெவிச் 1951-ல குடுத்த முறையில பண்ணலாம், நீர்த்த கோல்டு குளோரைடு கரைசலைக் கொதிக்க வச்சு சிட்ரேட் ஊத்தினா கொஞ்ச நேரத்துல நிறம் மாறி மாறிக் கடைசியில சிவப்புல வந்து நிக்கும், சுமார் 20 நானோமீட்டர் துகள், 520 நானோமீட்டர் பக்கம் உறிஞ்சும். தங்கம் ஆச்சேன்னு பயப்படாதீங்க, லிட்டருக்கு சில பத்து மில்லிகிராம்தான் ஆகும்.

அந்த ஒரே சோலை கொலாய்டு வகுப்புல டைனமிக் லைட் ஸ்கேட்டரிங்ல (டிஎல்எஸ், ஒளிச் சிதறலை வச்சு துகள் சைஸ் பாக்குறது) வைங்க, எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் எங்கயாவது கிடைச்சா ஒரு படம் எடுங்க, மெட்டீரியல்ஸ் வகுப்புல சொட்டு சொட்டா காய வச்சு எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிரை வச்சுப் படிகத்தை அளக்கிறது) எடுங்க, 38.2 டிகிரியில தங்கத்தோட 111 படிகத் தளத்து பீக் வரும், ஷெரர் 1918-ல சொன்ன சமன்பாட்டுப்படி 20 நானோமீட்டர் படிகத்துக்கு பீக் அகலம் சுமார் 0.4 டிகிரி இருக்கணும். இப்போ கையில மூணு சைஸ் இருக்கும். மூணும் வேற வேற. எது சரி? எல்லாம் சரிதான், ஒவ்வொண்ணும் வேற ஒண்ணை அளக்குது. எக்ஸ்ஆர்டி ஒரு துகளுக்குள்ள உடையாம தொடர்ற படிகத்தோட நீளத்தைச் சொல்லுது, அதுவும் கருவி தானா சேக்குற அகலத்தைக் கழிச்சா மட்டும். மைக்ராஸ்கோப் உலோகக் கருவைக் காட்டுது. டிஎல்எஸ் துகள் தன்னைச் சுத்தி இழுத்துட்டுப் போற எல்லாத்தையும் சேர்த்து, அது எவ்வளவு வேகமா அலையுதுங்கிறதை வச்சு சொல்லுது. அதோட ஒளிச் சிதறல் விட்டத்தோட ஆறாம் அடுக்குல ஏறும்ங்கிறதால 100 நானோமீட்டர் தூசி ஒண்ணே ஒண்ணு பத்து லட்சம் 10 நானோமீட்டர் துகளுக்குச் சமமா கத்தும். (இதுவும் ஆறாம் அடுக்கு, ஆனா அந்த ஆறுக்கும் லண்டனோட ஆறுக்கும் சம்பந்தம் வேற, ரெண்டையும் குழப்பிக்கிற பையனை நான் பாத்திருக்கேன், குழம்பினதுக்கே அவனுக்கு மார்க் போடலாம், யோசிச்சிருக்கான்ல.)

எங்க லேப்ல புதுசா வர்ற பசங்க "சார் சைஸ் 23.47 நானோமீட்டர்"னு ரிப்போர்ட் எழுதுவாங்க. ரெண்டு தசம ஸ்தானம்! எந்த சைஸ்னு கேட்டா முழிப்பாங்க. மூணு பேப்பரும் ஒரே சாம்பிளைத் தொட்டிருந்தா அந்த முழி வந்திருக்காதுங்க.

பாடத்திட்டம் ஏற்கனவே பிதுங்குது, இதுக்கெல்லாம் எங்க நேரம்னு சொல்லுவீங்க. நியாயம். நான் எதையும் கூடுதலா சேர்க்கச் சொல்லல, வெட்டத்தான் சொல்றேன். கொலாய்டு தயாரிக்கிற முறைகள்னு பிரெடிக் ஆர்க், பெப்டைசேஷன்னு ஒரு நீளப் பட்டியல் இருக்கே, அதுல ரெண்டு போதும். ஒவ்வொரு கருவிக்கும் கட்டம் போட்டு அம்புக்குறி போட்டு வரையுற படங்களை எடுத்துடுங்க, கருவி எப்படி ஏமாத்தும்னு சொல்லிக் குடுங்க. எந்த வருஷ நோபல் யாருக்குன்னு ஒரு வரி வினா வைக்கிறதும் வேண்டாம். குவான்டம் டாட்டுக்கு 2023-ல குடுத்தாங்க, எம்ஓஎஃப்-க்கு (துளை துளையான உலோக-கரிமச் சட்டகம்) 2025-ல குடுத்தாங்க, ரெண்டுமே நம்ம மெட்டீரியல்ஸ் பேப்பர் ஆளுங்கதான், சந்தோஷம், ஆனா வருஷம் ஞாபகம் இருக்கிறதால யாரும் படிகம் வளர்க்கப் போறதில்ல. இதுக்கு எதிர்ப்பக்கம், ஸ்டாட்டிஸ்டிக்கல் தெர்மோடைனமிக்ஸை இந்த மூணுக்கும் முன்னாடி கொண்டு வந்துடுங்க. எந்த ஆற்றல் நிலைக்கு எவ்வளவு வாய்ப்புன்னு சொல்ற போல்ட்ஸ்மான் காரணி தெரியாதவன் கிட்ட 20 கேடின்னா ஒட்டிக்கும், அரை கேடின்னா ஒட்டாதுன்னு சொன்னா அவனுக்கு அது வெறும் சத்தம். இப்போ பல இடத்துல அது இதுகூடவே இல்ல இதுக்கு அப்புறம் வருது, குதிரைக்கு முன்னாடி வண்டி.

யாரு நடத்துறதுங்கிறதுதான் உண்மையான சிக்கல்னு எனக்குத் தெரியும். மெட்டீரியல்ஸ் இன்ஆர்கானிக்காரங்க கையில, கம்ப்யூட்டேஷன் தியரிக்காரங்க கையில, கொலாய்டு யாரும் எடுக்காததால கடைசியா சேர்ந்த மேடம் தலையில. மூணு பேரும் ஒரு மேசையில உக்காந்து பேசினதா எந்த டிபார்ட்மென்ட்லயும் நான் கேள்விப்பட்டதில்ல. செமஸ்டருக்கு ரெண்டே ரெண்டு வகுப்பு மூணு பேரும் ஒரே அறையில நின்னு அந்த கோல்டு சோலைப் பத்திப் பேசினா போதும். கருத்து வேறுபாடு வந்தா இன்னும் நல்லது, பசங்க முன்னாடியே சண்டை போட்டுக்கோங்க.

கருவி இல்லாத இடமும் நிறைய இருக்கு, அதையும் ஒத்துக்கிறேன். ஆனா பரப்பு வேதியியலோட பெரிய ஆரம்பங்கள்ல ஒண்ணு லேப்லயே நடக்கல. ஆக்னஸ் பாக்கல்ஸ்னு ஒரு அம்மா, காலேஜ் பக்கமே போக விடல அவங்களை, வீட்டுல ஒரு தகரத் தொட்டியையும் சாதாரண தராசையும் வச்சுக்கிட்டு தண்ணி மேல படலம் எப்படி நடந்துக்குதுன்னு வருஷக்கணக்கா அளந்தாங்க. ராலே பிரபு அவங்க கடிதத்தை நேச்சர் இதழுக்கு அனுப்பி 1891-ல அது வெளிவந்துச்சு. லாங்மியர் பின்னாடி பயன்படுத்தின தொட்டிக்கு அதுதான் முன்னோடி. அதனால துகளோட சார்ஜைப் பாக்குற ஜீட்டா மீட்டர் வரட்டும் அப்புறம் ஆரம்பிக்கலாம்னு தள்ளிப் போடாதீங்க. வரிசையா டெஸ்ட் டியூப்ல சோலை ஊத்தி, சோடியம் குளோரைடு, மெக்னீசியம் குளோரைடு, லாந்தனம் குளோரைடுன்னு சொட்டு சொட்டா விட்டு எந்த அளவுல நிறம் மாறுதுன்னு பாத்தாலே ஷுல்ட்ஸ்-ஹார்டி கண்ணு முன்னாடி நிக்கும். 64-ம் 729-ம் அச்சு அசலா வராது. ஏன் வரலன்னு அரைப் பக்கம் எழுதச் சொல்லுங்க, அதுக்குத்தான் மார்க்.

பரீட்சையைப் பத்தி ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கிறேன். கேள்வித்தாள்ல ஒரு கேள்வியாவது தப்பான ரிசல்ட்டைக் குடுத்து எங்க தப்புன்னு கேக்குறதா இருக்கட்டும். தகட்டை விட்டுப் பறந்து போற மூலக்கூறோட ஆற்றல் அட்டவணையை அப்படியே போடுங்க. குழாய்த் தண்ணியில திரிஞ்ச டிஸ்பெர்ஷனைப் போடுங்க. எங்க லேப் நோட்டுல இந்த மாதிரி ஐட்டம் எத்தனை வேணும்னாலும் இருக்கு, கம்பெனி ரகசியம் இல்லாததா பாத்து எடுத்துத் தர நான் ரெடி.

கடைசியா, நிஜமாவே கோல்டு சோல் பண்ண முடிவு பண்ணிட்டீங்கன்னா ஒரு விஷயம். கண்ணாடிச் சாமானை முந்தின நாளே ராஜ திராவகத்துல (தங்கத்தையே கரைக்கிற அமிலக் கலவை) கழுவி டிஸ்டில்டு வாட்டர்ல நல்லா அலசி வைக்கச் சொல்லுங்க, ஃப்யூம் ஹூட் உள்ள வச்சு, கூடவே ஒருத்தர் நின்னு பாத்துக்கிட்டு. சரியா கழுவாத பீக்கர்ல சிவப்புக்குப் பதிலா ஊதாவோ நீலமோ வரும். வந்தா கீழ ஊத்திட வேண்டாம். அந்த பேட்ச் பசங்க கிட்ட ஏன்னு கேளுங்க, அன்னிக்கு வகுப்பு அதுதான்.

இப்படிக்கு,
உங்க பேப்பர் மூணையும் பாஸ் பண்ணின ஒரு பழைய மாணவன்